பென்னட் போட்ட வரப்பும் பிறகு வந்த கணக்கும்

உங்கள் ஊர் ஓடையில் ஒரு தடுப்பணை இருக்கும். பக்கச்சுவரில் திட்டத்தின் பெயர், கட்டிய ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் பெயின்டில் எழுதியிருப்பார்கள். அணை வந்த பிறகு மேட்டுக்காட்டு மண் எவ்வளவு தங்கியது, கீழே உள்ள கிணறுகளில் எத்தனை அடி தண்ணீர் கூடியது, பத்து ஆண்டுகளில் அணைக்குள் எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்ற விவரம் எந்தச் சுவரிலும் இருக்காது. எழுத வேண்டுமானால் யாராவது அளந்திருக்க வேண்டும்.

அப்படி அளந்து வைத்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன். பெயர் ஹியூ ஹேமண்ட் பென்னட். அமெரிக்கர். மண் பாதுகாப்பின் தந்தை என்று வேளாண் கல்லூரிப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். படிக்கிற காலத்தில் நானும் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டேன். திட்ட மதிப்பீட்டுக் குழுக்களோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கிய பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

பருத்திக் காட்டுப் பிள்ளை

பென்னட் 1881 ஏப்ரல் 15 அன்று வட கரோலினா மாநிலத்தில் வேட்ஸ்பரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெற்றோருக்கு ஒன்பது பிள்ளைகள். குடும்பத்துக்குச் சுமார் 1,200 ஏக்கர் பருத்தி நிலம் இருந்தது. ஏக்கர் கணக்கைப் பார்த்துப் பெரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தருமபுரி, சேலம் பக்கத்துச் செம்மண் சரிவுகளை நினைவூட்டும் மேட்டு நிலம் அது. தலைமுறை தலைமுறையாகப் பருத்தியே போட்டு, மழைக்கு மண்ணை இழந்துகொண்டிருந்த பகுதி. சரிவுக்குக் குறுக்கே அப்பா வரப்புப் போடும்போது கூடப் போய் உதவி செய்த சிறுவன், இந்த வேலை எதற்கு என்று கேட்டிருக்கிறான். நிலம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் என்று அப்பா விளக்கியதைப் பென்னட் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1897ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் பணமில்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். திரும்பிப் போய் 1903ல் பட்டம் வாங்கினார். படித்தது வேதியியலும் நிலவியலும். அதே ஆண்டு அமெரிக்க வேளாண்துறையின் மண்ணியல் பிரிவில் மண் ஆய்வாளராகச் சேர்ந்தார். நாள் முழுக்க நடப்பது, துளைக்கோலால் மண்ணெடுத்துப் பார்ப்பது, நிறத்தையும் ஆழத்தையும் குறித்து வரைபடம் போடுவது என்பதுதான் அந்த வேலை. அலுவலக நாற்காலி அவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அது நல்லதாகவே போயிற்று.

லூயிசாவில் கண்ட இரண்டு மண்

1905ல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா கவுண்டிக்கு அவரை அனுப்பினார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அங்கே நிலங்கள் ஏன் வலுவிழந்து போகின்றன என்று பார்க்க வேண்டும். கூட ஒரு சக ஆய்வாளரும் போனார். ஓரிடத்தில் காடும் உழுத நிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சரிவு ஒன்றுதான், அடிப்பாறையும் ஒன்றுதான். ஆனால் காட்டுக்குள் மண் பொலபொலவென்று, ஈரமாக, கையால் அள்ளும்படி இருந்தது. எல்லையைத் தாண்டி உழுத நிலத்தில் கால் வைத்தால் இறுகிய களி. காட்டில் மேலே இருந்த மண் இங்கே காணோம். அடிமண்தான் மேலே வந்து நின்றது.

வாய்க்கால் மாதிரி பள்ளம் பறித்துப் போகும் அரிப்பை எல்லோரும் பார்ப்பார்கள். நிலம் முழுவதும் ஒரே சீராகத் தாள் தாளாக உரிந்து போவது கண்ணில் படாது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் எடையில் அது 5 டன்னுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? விளைச்சல் குறைந்தால் விதையைச் சொல்வோம், உரத்தைச் சொல்வோம், மழையைச் சொல்வோம்.

மண் காப்புத் திட்டம் எதையும் மதிப்பிடும்போது இன்றும் நாங்கள் செய்வது பென்னட் லூயிசாவில் செய்ததைத்தான். திட்டம் நடந்த நிலத்தையும், அதே மண்ணும் சரிவும் கொண்ட, திட்டம் நடக்காத நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்தப் பக்கத்து நிலம் இல்லாமல் வரும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

அந்தக் கவுண்டியில் கண்டதைப் பென்னட் மேலதிகாரிகளிடம் கொண்டுபோனார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு, 1909ல் அவருடைய பிரிவே வெளியிட்ட ஒரு நூலில், மண் என்பது அழியவே அழியாத, தீராத தேசியச் சொத்து என்று எழுதியிருந்தார்கள். பிரிவின் தலைவர் மில்டன் விட்னியின் கருத்து அது. ஒரே வாக்கியத்தில் இவ்வளவு விலை கொடுக்க வைக்கும் தவறை அடக்க முடியும் என்று தனக்கு அதுவரை தெரியாது எனப் பின்னாளில் பென்னட் நொந்துகொண்டார். ஆனாலும் வேலையை விடவில்லை. அதே பிரிவில் இருந்துகொண்டே மண் ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1911ல் வெளிவந்த தென் கரோலினாவின் ஃபேர்ஃபீல்டு கவுண்டி ஆய்வில், முன்பு பயிர் செய்த நிலத்தில் 90,000 ஏக்கர் பள்ளம் பறிந்து பாழாகிவிட்டதாகக் கணக்கு வந்தது. அங்கிருந்து இறங்கிய மண் கீழே ஓடைக்கரை நிலங்களில் படிந்து, 46,000 ஏக்கர் நல்ல படுகை நிலத்தைச் சாகுபடிக்கு ஆகாததாக ஆக்கியிருந்தது. மேட்டுக்காரர் நட்டம் பள்ளத்துக்காரருக்கு லாபம் என்று நாம் நினைப்போம். இங்கே இருவருக்கும் நட்டம்.

பத்து நிலையங்கள்

அடுத்த பதினைந்து ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பனாமா, அலாஸ்கா, கியூபா என்று பல இடங்களில் மண் ஆய்வு செய்தார். பத்திரிகைகளில் விடாமல் எழுதினார். 1928ல் வேளாண்துறை வெளியீடாக, மண் அரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்ற தலைப்பில் ஒரு சிறு நூல் வந்தது. காடு மேய்ச்சல் நிலங்கள் பற்றி எழுதிய சாப்ளைனும் அவருமாகச் சேர்ந்து எழுதியது. இந்த முறை கேட்க ஆள் இருந்தது. டெக்சாஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் புக்கானன் முயற்சியால் 1929ல் மண் அரிப்பு ஆராய்ச்சிக்கென்று 1,60,000 டாலர் ஒதுக்கினார்கள். வெவ்வேறு மண்ணும் மழையும் உள்ள பத்து இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன.

அங்கே செய்த வேலை எளிமையானது. சரிவில் 6 அடி அகலம், 72.6 அடி நீளத்துக்கு ஒரு பாத்தி. சுற்றிலும் தடுப்பு. அடியில் ஒரு தொட்டி. மழை பெய்தால் அந்தப் பாத்தியிலிருந்து வழியும் தண்ணீரும் மண்ணும் தொட்டிக்குள் விழும். எடை போட வேண்டியதுதான். ஏன் அந்த விசித்திர நீளம் என்று கேட்கிறீர்களா? 6 அடியை 72.6 அடியால் பெருக்கினால் சரியாக ஒரு ஏக்கரில் நூறில் ஒரு பங்கு வரும். தொட்டியில் கிடைத்ததை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. ஒரு பாத்தியில் மக்காச்சோளம், ஒன்றில் புல், ஒன்றில் வெற்று நிலம் என்று வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள்.

பென்னட்டுக்குப் பிறகு வந்தவர்கள், அமெரிக்காவின் பல நிலையங்களில் இப்படிச் சேர்ந்த பதிவுகளைத் திரட்டித்தான் மழை, மண், சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, பயிர் மூடாக்கு, வரப்பு முறை என்று ஆறு எண்களைப் பெருக்கி மண் இழப்பைக் கணிக்கும் சூத்திரத்தை உருவாக்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒரு நீர்வடிப்பகுதிக்குத் திட்ட அறிக்கை தயாரித்தால் அதில் அந்தச் சூத்திரம் இருக்கும். 1954ல் உதகையில் தொடங்கிய மண் நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் சரிவில் பாத்தி, அடியில் தொட்டி என்ற இதே வழியில்தான் மலைத்தோட்ட மண் இழப்பை அளந்தது.

கூன் ஓடைப் பள்ளத்தாக்கு

1933ல் ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்தார். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த நேரம். நிவாரண நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் ஒதுக்கி மண் அரிப்புப் பணி அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பென்னட் தலைவரானார். நாடு முழுக்க வரப்பு வெட்டப் பணத்தைச் சிதறடிக்காமல், ஒரு ஓடைக்குத் தண்ணீர் வடியும் நிலம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்துச் செய்துகாட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். இன்று நீர்வடிப்பகுதி மேம்பாடு என்று நாம் சொல்வது அதுதான்.

முதலில் தேர்ந்தெடுத்த இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் ஓடைப் பள்ளத்தாக்கு. சுமார் 90,000 ஏக்கர். நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த, கறவைமாட்டுப் பண்ணைகள் உள்ள பகுதி. செங்குத்தான சரிவுக் காட்டிலும் மாடு மேய்ந்தது. மேட்டில் மேலிருந்து கீழாக உழுதார்கள். மழை பெய்தால் மலையடிவார ஊர்களில் சாலையும் வேலியும் மண்ணில் புதைந்தன.

அதிகாரிகள் விவசாயிகளோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, கூலியாள் அரசு தரும். பண்ணைக்கென்று வரைந்த திட்டப்படி விவசாயி நடக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக மக்காச்சோளம், ஓட்ஸ், தீவனப்புல் என்று மாற்றி மாற்றிப் பயிர். செங்குத்துச் சரிவில் மாட்டுக்கு இடமில்லை. பள்ளம் பறிந்த இடங்களில் சிறு தடுப்புகள். கூலி வேலைக்கு இளைஞர் முகாம்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பள்ளத்தாக்கு விவசாயிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதிப் பாதி வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. எந்த ஊரில்தான் அப்படி இல்லை?

பென்னட் நல்ல உயரம், கட்டுமஸ்தான ஆள். பெரிய ஹியூ என்றே கூப்பிடுவார்கள். மேடையில் வித்தை காட்டவும் தயங்காதவர். ஒரு கூட்டத்தில் மேசை மேல் துண்டை விரித்துத் தண்ணீர் ஊற்றினாராம். துண்டு குடித்துக்கொண்டது. துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினார். தண்ணீர் கேட்க வந்தவர்கள் மடியில் வழிந்தது. மூடாக்கைப் பற்றி நான் நடத்திய எந்த வகுப்பும் இதற்கு ஈடாகாது.

1934 மே மாதம் மேற்குச் சமவெளியிலிருந்து கிளம்பிய புழுதிப் புயல் நாட்டைக் கடந்து வாஷிங்டன் வரை வந்து, அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மேலும் மண்ணைக் கொட்டியது. 1935 வசந்த காலத்தில் மண் பாதுகாப்புச் சட்டத்துக்காகச் செனட் குழு முன் பென்னட் பேசியபோது, அடுத்த புழுதி மேகம் நகரை நோக்கி வருவது தெரிந்து, அது வந்து சேரும் வரை பேச்சை இழுத்தார், சன்னல் இருண்டதும் உறுப்பினர்கள் எழுந்து பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். 1935 ஏப்ரல் 27 அன்று சட்டம் நிறைவேறியது மட்டும் உறுதி. வேளாண்துறையின் கீழ் மண் பாதுகாப்புப் பணி அமைப்பு நிரந்தரமானது. 1951 வரை பென்னட் அதன் தலைவர். 1937ல் விவசாயிகளே நடத்தும் மண் பாதுகாப்பு வட்டங்கள் வரத் தொடங்கின. முதல் வட்டமான பிரவுன் ஓடை வட்டம் அவர் பிறந்த ஊர்ப்பக்கத்திலேயே அமைந்தது. அப்பா வரப்புப் போட்ட நிலம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

குட்ஸு கொடி

இவ்வளவும் சொல்லிவிட்டு அவருடைய பெரிய சறுக்கலைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

பள்ளம் பறிந்த தெற்குச் சரிவுகளைச் சீக்கிரம் மூட ஏதாவது வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த குட்ஸு என்ற கொடி அமெரிக்காவில் அழகுக்காக வளர்க்கப்பட்டு வந்தது. பயறு வகைக் குடும்பம், வேகமான வளர்ச்சி, மாடு தின்னும். பென்னட்டின் அமைப்பு கோடிக்கணக்கில் நாற்று உற்பத்தி செய்து கொடுத்தது. நட்டால் ஏக்கருக்கு 8 டாலர் வரை உதவித்தொகையும் தந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பார்த்தால் வெற்றியோ வெற்றி. செம்மண் தெரியாத அளவுக்குப் பச்சை மூடியது. அந்த நேரத்தில் மதிப்பீட்டுக் குழு போயிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கும்.

பிறகு கொடி நிலத்தோடு நிற்கவில்லை. மரத்தில் ஏறியது, வெளிச்சத்தை மறைத்து மரத்தைக் கொன்றது, மின்கம்பத்தையும் பாழடைந்த வீட்டையும் மூடியது. 1953ல் வேளாண்துறை தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. 1970ல் களை என்று அறிவித்தது. விறகுக்கும் வேலிக்கும் என்று நாம் கொண்டுவந்த சீமைக் கருவேலம் கண்மாய்க்குள் இறங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குட்ஸு நினைவு வரும். மூன்றாம் ஆண்டில் அதையும் யாராவது பாராட்டி எழுதியிருப்பார்கள்.

பென்னட் 1960 ஜூலையில் காலமானார். கூன் ஓடையில் தான் செய்தது கடைசியில் என்ன ஆனது என்ற முழுக் கணக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார்.

கணக்கு பார்க்க வந்தவர்

பென்னட்டின் அமைப்பில் வண்டல் ஆய்வுக்கென்று ஒரு குழு இருந்தது. அவர்கள் 1930களின் பிற்பகுதியில் கூன் ஓடைப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பல இடங்களில் கோடு போட்டு, துளையிட்டு, பழைய தரை எந்த ஆழத்தில் இருக்கிறது, அதன்மேல் எத்தனை அடி வண்டல் ஏறியிருக்கிறது என்று அளந்து குறித்துவைத்தார்கள். உடனடியாக யாருக்கும் பயன்படாத வேலை. அன்றைய அதிகாரி ஒருவர் வீண் செலவு என்று வெட்டியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

1970களில் ஸ்டான்லி டிரிம்பிள் என்ற புவியியல் பேராசிரியர் அந்தப் பழைய கோடுகளைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார். 1990களில் இன்னொரு முறை அளந்தார். 1999ல் வந்த முடிவு இதுதான். 1975 முதல் 1993 வரை பள்ளத்தாக்கில் வண்டல் சேர்ந்த வேகம், 1930களில் இருந்ததில் சுமார் 6 சதவீதம்தான். அதாவது மேட்டிலிருந்து மண் இறங்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது. பட்டைப் பயிரும் புல்லும் வேலை செய்திருக்கின்றன. ஓடைகளில் குளிர்ந்த தெளிந்த நீர் திரும்பி, இன்று டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் தேடி வரும் இடமாகிவிட்டது. அதே மாநிலத்தில் பெகடோனிகா ஆற்றின் ஒரு கிளையில் நீண்டகால நீரோட்டப் பதிவுகளை ஆராய்ந்தவர்களும், வெள்ளத்தின் உச்சம் குறைந்து மழையில்லாத நாட்களின் ஓட்டம் கூடியிருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் டிரிம்பிள் இன்னொன்றையும் கண்டார். கூன் ஓடையிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்குள் போய்ச்சேரும் மண்ணின் அளவு இத்தனை ஆண்டுகளிலும் பெரிதாக மாறவில்லை!

எப்படி? மேட்டில் மண் அரித்த காலத்தில் அதில் பெரும்பகுதி ஆற்றுக்குப் போகவே இல்லை. மலையடியிலும் பள்ளத்தாக்கிலும் களஞ்சியம் போலக் குவிந்தது. மேட்டிலிருந்து வரத்து நின்ற பிறகு, தெளிந்த ஓடை அந்தப் பழைய குவியலின் கரையை அரித்து எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியது. வரவு குறைந்தாலும் சேமிப்பிலிருந்து செலவு தொடர்ந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1975ல் ஒரு குழு மிசிசிப்பியில் கலக்கும் முகத்தில் மட்டும் நின்று அளந்திருந்தால், நாற்பது ஆண்டுத் திட்டம் தண்டம் என்று எழுதியிருக்கும். மேட்டு நிலத்தை மட்டும் பார்த்த குழு முழு வெற்றி என்று எழுதியிருக்கும். இரண்டும் தவறு. எங்கே அளக்கிறோம், எத்தனை ஆண்டு கழித்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறுகிறது. சூத்திரத்தை வைத்து மட்டும் மண் இழப்பைக் கணித்து நாட்டின் மண் எல்லாம் போய்விட்டது என்று சொல்வதையும் டிரிம்பிள் பின்னால் கேள்வி கேட்டார். நகர்ந்த மண்ணும் தொலைந்த மண்ணும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். பென்னட் சொன்ன தேசிய அளவு எண்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். மக்களை உலுக்க அவர் பெரிய எண்களைத் தயங்காமல் சொன்னவர். அவர் அமைப்பு அளந்து வைத்த கோடுகள் அவர் பேச்சைவிட நம்பகமாக இருந்தன என்பது என் கருத்து.

நம் ஊர்க் கணக்கு

நம் நாட்டிலும் மதிப்பீடுகள் இல்லாமல் இல்லை. இக்ரிசாட் அறிவியலாளர்கள் 311 நீர்வடிப்பகுதி ஆய்வுகளைத் தொகுத்து 2005ல் வெளியிட்ட கணக்கில், போட்ட ஒரு ரூபாய்க்குச் சராசரியாக 2.14 ரூபாய் பலன் வந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் நான் கையாண்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை திட்டம் முடிகிற ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ எழுதியவை. குட்டை புதிதாக இருக்கும், வரப்பு கரையாமல் இருக்கும், அந்த ஆண்டு மழையும் நன்றாகப் பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல மழை ஆண்டில் தோற்ற தடுப்பணை உலகத்தில் கிடையாது.

திட்டம் முடிந்து பதினோரு ஆண்டு கழித்து ஒரு மானாவாரி ஊருக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பண்ணைக் குட்டைகளில் பாதி தூர்ந்து கிடந்தன. வரப்புகளில் சிலவற்றை டிராக்டர் திரும்ப இடமில்லை என்று உழுதுவிட்டிருந்தார்கள். வரப்பில் கொழுக்கட்டைப்புல் போட்டு மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வரப்பு மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. பழைய கோப்பில் தண்ணீர் நிரம்பிய குட்டைகளின் வண்ணப் படங்கள் இருந்தன. தொடக்கத்தில் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு என்ற ஓர் எண் இல்லை. எதோடு ஒப்பிடுவது? வெறுங்கையோடு திரும்பினேன்.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் அதிகாரிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தடுப்பணைச் சுவரின் உட்பக்கம் தரையிலிருந்து அடிக்கணக்கு பெயின்டில் போட்டுவையுங்கள், கோடையில் வறண்ட பிறகு வண்டல் எத்தனையாவது அடிக்கு ஏறியது என்று தெரியும். சரிவு நிலத்தில் இரண்டடி இரும்புக் கம்பியைப் பாதி அடித்து, தரைமட்டத்தில் அரத்தால் ஒரு வெட்டுப் போடுங்கள். உழுகிற இடத்தில் வேண்டாம், ஏரில் மாட்டும். ஜனவரி முதல் வாரத்திலும் மே முதல் வாரத்திலும் கயிறு விட்டுக் கிணற்று நீர்மட்டத்தை எழுதுங்கள். திட்டம் நடக்காத பக்கத்து ஊரில் தெரிந்தவர் கிணறு ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், அதை மறக்காதீர்கள். மழையளவைப் பக்கத்து மழைமானி நிலையத்தில் கேட்டால் தருவார்கள். மேலே வரப்புப் போட்ட பிறகும் ஏரியில் வண்டல் வருகிறதே என்று மூன்றாம் ஆண்டிலேயே திட்டத்தைத் திட்டவும் வேண்டாம். அது ஓடைப்படுகையில் உங்கள் தாத்தா காலத்தில் சேர்ந்த மண்ணாக இருக்கலாம்.

கூன் ஓடைக்கே திரும்பினால், கதை 1993ல் முடியவில்லை. பென்னட் ஓய்வு பெற்ற பிறகு 1950களிலும் 60களிலும் அந்தப் பகுதிப் பள்ளத்தாக்குகளில் வெள்ளத்தைத் தடுக்கச் சிறு மண் அணைகள் கட்டினார்கள். 2018 ஆகஸ்ட் கடைசியில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழையில் கூன் ஓடை நீர்வடிப்பகுதியில் மட்டும் மூன்று அணைகள் உடைந்தன. அணைக்கரையை விட அது சேரும் மலைப்பக்கம் பலவீனமாக இருந்தது. விரிசல் விட்ட மணற்பாறைக்குள் தண்ணீர் புகுந்து வழி கண்டுபிடித்தது. ஆய்வு செய்த அரசு அமைப்பு, இந்த அணைகளைத் திருப்பிக் கட்டுவதை விட எடுத்துவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. இதற்கிடையில் கறவைமாட்டுப் பண்ணைகள் குறைந்து, பெரிய இயந்திரங்களுக்கு வசதியாகச் சில இடங்களில் பட்டைப் பயிரைக் கலைத்து முழு வயலிலும் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார்கள். இன்னும் பட்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலிருந்து எடுத்த படங்களில் அந்த மேட்டு நிலங்களில் பச்சையும் மஞ்சளுமாக வளைந்து போகும் கோடுகள் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் தாங்களாகவே ஒரு நீர்வடிப்பகுதிக் குழு அமைத்துக் கூடிப் பேசி வருகிறார்கள்.